அஞ்செட்டிக் காடும் காவிரியின் மலைப் பிளவும்

ஓசூர் என்றதும் சிப்காட் ஆலைகளும், லாரிகளின் நெடிய வரிசையும், பெங்களூரை நோக்கி விரையும் நெடுஞ்சாலையுமே நினைவுக்கு வருகிற இந்நாளில், அதே ஊரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாகத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் அஞ்செட்டியும், அதற்கப்பால் மலைகளைப் பிளந்துகொண்டு காவிரி இறங்கும் ஆழ்ந்த பள்ளத்தாக்கும் இருக்கின்றன என்பதை அவ்வாலைகளுக்கு நாள்தோறும் சென்று வருவோரில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்களோ அறியேன்.

சரித்திரத்தில் இப்பிரதேசம் பெரும்பாலும் ஏதேனும் ஓர் இராஜ்யத்தின் எல்லையாகவே இருந்து வந்திருக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியார் வசமாயிற்று. மேட்டு நிலமாகிய ஓசூர்ச் சீமையோ, 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னரே அவர்கள் கைக்கு வந்தது. பாராமகாலை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக இருந்து பிற்காலத்தில் சென்னை கவர்னராக உயர்ந்த தாமஸ் மன்றோவும் வயல்களை அளந்து தீர்வை விதித்த முறையிலிருந்துதான் ரயத்துவாரி ஏற்பாடு வளர்ந்தது. உழுநிலம் கணக்கில் ஏறிய அந்தக் காலத்தில், உழ முடியாத மலைக்காடு பின்தங்கிக் கிடந்தது. 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் வந்த பிறகே சர்க்கார் அதற்குக் கல் நட்டு எல்லை வகுக்கும் காலம் பிறந்தது.

ஆனால் மனிதருக்கு அந்தக் காடு அந்நியமாக இருந்ததில்லை. இருளர் குடிகள் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தனர். கரையோரக் கிராமத்தார் மந்தைகளை ஓட்டிச் சென்று, முள் வேலியிட்ட பட்டிகளில் இரவில் அடைத்து வளர்த்தனர். காவிரிக் கரையிலுள்ள ஆலம்பாடியின் பெயரால் வழங்கும் மாட்டினம் அத்தகைய பட்டிகளில் உருவானதே. கடும் வெயிலில் மலைச்சரிவில் மேய்ந்து, கிடைத்ததைத் தின்று உடல் உரமேறிய அந்தக் காளைகள் ஏருக்கும் வண்டிக்கும் பேர்பெற்றவை. டிராக்டர் வந்ததாலும் மேய்ச்சல் குறைந்ததாலும் அவ்வினம் இன்று அருகிவிட்டது. காட்டைக் காக்கும் சட்டம் பட்டிக்காரரையும் சிறிது நினைத்திருக்கலாம் என்பது என் துணிபு.

வேட்டைக்காரருக்கும் இக்காடு புகலிடமாயிற்று. பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் 1954-ல் வெளியிட்ட தம் முதல் நூலில் ஜவளகிரிப் பெண்புலியின் கதையை எழுதினார். அவர் எழுத்தால் இந்தக் குக்கிராமங்கள் கடல் கடந்த வாசகருக்கும் அறிமுகமாயின. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு துப்பாக்கிகள் ஓய்ந்தன என்று சொல்லிவிட முடியாது. 2004-ல் வீரப்பன் கொல்லப்படும் வரை காவிரியின் இருகரைக் காடுகளிலும் சந்தனமும் தந்தமும் சூறையாடப்பட்டன. அவன் மீதிருந்த பயம்தான் காட்டைக் காத்தது என்போர் உண்டு. தந்தத்துக்காக வீழ்த்தப்பட்ட ஆண் யானைகளை எண்ணும்போது அந்த வாதம் நிற்கவில்லை.

2014-ல்தான் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 504 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயம் அதனோடு சேர்ந்து, கர்நாடகத்தின் காவிரி சரணாலயம் வரை காட்டைத் தொடர்ச்சியாக்கிற்று. பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியே கேழ்வரகு முற்றும் பருவத்தில் வரும் யானைக் கூட்டங்களுக்கு இத்தொடர்ச்சியே உயிர். வழியிலுள்ள குடியானவர்களுக்கோ அதுவே உறக்கமற்ற இரவு. இழந்த விளைச்சலுக்குத் தாமதமின்றி நஷ்டஈடு தருவது, காட்டுக்குக் காவலர்களை நியமிப்பதற்கு எள்ளளவும் குறைந்த கடமையன்று.

நதியைக் காண வேண்டுமானால் ஒகேனக்கல்லில் பரிசல் ஏற வேண்டும். மூங்கிற்பட்டைகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் தார் பூசிய பிளாஸ்டிக் சாக்கும் போர்த்திய அந்தக் கலத்தில் பயணிகள் குந்தி அமர, பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பால் நீரைத் தம் பக்கம் வாரி இழுக்கிறார். பாறைக்கு அருகே வந்ததும் துடுப்பைக் குத்தலாக ஊன்றிக் கலத்தை ஒரு சுற்றுச் சுற்றி விடுகிறார். இருபுறமும் செங்குத்தாக எழுந்த கரும்பாறைச் சுவர்கள் நம்மைச் சுற்றிச் சுழல்கின்றன. நீர் இறங்கும் இடத்தில் அவரே பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைமீது நடந்து அடுத்த மடுவில் இறக்குகிறார். இப்பாறைகளில் ஒருவகைக் கார்பனடைட் சுமார் 240 கோடி ஆண்டுப் பழமையானது என்று புவியியலார் கணிக்கின்றனர்.

ஒகேனக்கல்லுக்கு மேலே, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிலிகுண்டுலுவில், மத்திய நீர் ஆணையம் காவிரியை அன்றாடம் அளக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-ல் தமிழகத்துக்கு விதித்த 177.25 டிஎம்சி கணக்கிடப்படுவது இங்கேதான். டெல்டாவின் சோறு இந்தக் காட்டின் நடுவே எண்ணப்படுகிறது எனலாம். மேல்நிலையில் மேகேதாட்டு அணை எழுமானால், நீரோடு கரையோர நீர்மருத மரங்களும் யானைத் தடங்களும் அதன் விலையில் சேரும் என்பதை இருமாநிலத்தாரும் மறக்கலாகாது.

ஓசூர்வாசிகளே, ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளோடு அஞ்செட்டிச் சாலையில் செல்லுங்கள். பகலில் செல்லுங்கள், யானை கடந்தால் வண்டியை நிறுத்திக் காத்திருங்கள், கொண்டு சென்ற பிளாஸ்டிக் பையைத் தவறாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள்.