தோட்டம் வரையும் கருவி

தோட்டத்தை மண்ணில் அமைக்குமுன் தாளில் அமைத்துக் காட்டுவது பழைய வழக்கம். 1788இல் இங்கிலாந்தில் இத்தொழிலைத் தொடங்கிய ஹம்பிரி ரெப்டன் என்பார், நிலத்தின் அன்றைய தோற்றத்தை ஒரு மடிப்புத்தாளில் தீட்டினார். அதனைத் தூக்கினால் அடியிலே வருங்காலத் தோட்டம் தெரியும். செந்நிற அட்டையிட்ட அவருடைய ஏடுகள் புகழ்பெற்றன.

அம்மடிப்புத்தாளின் வேலையை இன்று கணினி செய்கின்றது. 1963இல் ஐவன் சதர்லாந்தின் ‘ஸ்கெச்பேட்’ திரையிலே கோடு வரைய வழிகாட்டிற்று. 1982இல் ஆட்டோகேட் வந்தது. 2000இல் வந்த ஸ்கெச்அப், நீளம் அகலம் உயரம் மூன்றையும் எளிதாகக் காட்டிற்று.

தெரணியகலையிலே சிறுமுதலுடன் தோட்டம் அமைத்துக் கொடுப்பவர் எம்மென்பொருளைத் தேர்வது? அங்கு நிலம் சரிவானது, மழையோ கடுமையானது. தேயிலை மலைகளில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி மண்ணைக் காப்பதும் இதனாலேயே. மழையில் ஊறிய மலை எத்துணை ஆபத்தானது என்பதை, அதே கேகாலை மாவட்டத்து அரநாயக்காவில் 2016 மே 17ஆம் நாள் நிகழ்ந்த மண்சரிவு உணர்த்திற்று.

ஆகவே, பூக்களை அழகுறக் காட்டுவது மட்டும் போதாது. சமவுயரக் கோடுகளையும் நீரோடும் திசையையும் காட்டுமா என்பதே முதற் கேள்வி. ஆண்டுச் சந்தா தொழிலின் வருவாய்க்குள் அடங்குமா என்பது இரண்டாவது. இலவசப் பதிப்பாயின், ஊதியம் பெறும் வேலைக்கு அதனைப் பயன்படுத்த உரிமம் இடந்தருமா என்பது மூன்றாவது.

ரெப்டனின் வணிக அட்டையிலே அவர் தூரிகையோடு அல்ல, நில அளவைக் கருவியோடு நிற்கின்றார். அளவு முந்தியது, அழகு பிந்தியது.