பின்பனிக்குப் பாட்டு இல்லை

வில்பட்டியில் டிசம்பர் கடைசியில் 'பனி' என்று சொன்னால், எந்தப் பனி என்று பார்க்கவேண்டியிருக்கும். புல் நுனியில் நிற்கிறதா, பள்ளத்திலிருந்து ஏறிவந்து எதிர்வீட்டை மறைக்கிறதா, இல்லை விடிகாலையில் தோட்டத்தில் உப்பு தூவினாற்போலக் கிடக்கிற உறைபனியா? முதலாவது அழகு. இரண்டாவது ஜீப் ஓட்டுகிறவர் பாடு. மூன்றாவது நஷ்டம். மேகமே இல்லாத ராத்திரியில், கீழேயிருந்து சுற்றிப் பார்க்க வந்தவர்கள் நட்சத்திரம் பார்ப்பார்கள். அதே வானத்தைப் பார்த்து உருளைக்கிழங்கு போட்டவருக்குத் தூக்கம் போகும். வெட்டவெளி வானம் என்றால் தரையின் சூடு மேலே போய்விடும், காலையில் இலை கருகி நிற்கும்.

இத்தனைக்கும் நம்மிடம் இருப்பது ஒரே சொல். ஜப்பானியர்கள் விழுகிற வெண்பனிக்கு 'யுகி', மூடுகிற பனிக்கு 'கிரி', உறைபனிக்கு 'ஷிமோ', துளிக்கு 'ட்சுயு' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழ் 'பனி' இவை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, போதாததற்கு நடுக்கத்தையும் கண்ணீரையும் சேர்த்துக்கொள்கிறது; 'கண் பனித்தது' என்று இன்றும் எழுதுகிறோம். 1992-ல் 'ரோஜா'வுக்காக வெண்பனியில் ஒரு பாட்டு தேவைப்பட்டபோது வைரமுத்து பல்லவியை மழையில் தொடங்கினார்: 'புது வெள்ளை மழை'. நமக்குத் தெரிந்த விழும் பொருள் மழைதானே!

ஜப்பானியக் குளிர்காலப் பாடல்கள் எனக்கு அறிமுகமானது வேலை வழியாக. டோக்கியோ நேரத்துக்குக் கூட்டம், காலை ஆறரைக்கே கணினி முன்னால் உட்காரவேண்டும். மொழி பழகட்டும் என்று பாட்டுக் கேட்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் ஒன்று உறைத்தது. அவர்களுடைய குளிர்காலப் பாட்டில் பாதிப் பேர் ரயில் நிலையத்தில் நிற்கிறார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. போருக்குப் பின் டோக்கியோ, ஒசாகா ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1954 முதல் 1975 வரை, நடுநிலைப் பள்ளி முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டமாக வேலைக்கு ஏற்றிவரும் தனி ரயில்கள் ஓடின. 'தங்க முட்டைகள்' என்று பெயர் வைத்தார்கள். முட்டைகளை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வடகிழக்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இறங்கிய இடம் டோக்கியோவின் உவேனோ நிலையம். 1964-ல் இஸாவா ஹச்சிரோ பாடிய 'ஆ உவேனோ எகி' அந்தப் பிள்ளைகளின் பாட்டாகவே ஆகிப்போனது. பெரியவர்களும் சும்மா இல்லை. வயல் பனிக்குள் போனதும் குளிர்காலம் முழுக்கக் கட்டட வேலைக்கு நகரத்துக்குப் போனார்கள். ஆக, பனி என்றால் விட்டுவந்த வீடு. அம்மா இருக்கிற திசை வடக்கு.

1977-ல் இஷிகாவா சயூரி பாடிய 'ட்சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிகி' (ட்சுகாரு நீரிணையின் குளிர்காலக் காட்சி) இந்த வரைபடத்தையே பாட்டாக்கியது. எழுதியவர் அகு யூ, இசை மிகி தகாஷி. உவேனோவில் இரவு ரயில் ஏறி, பனிக்குள் இருக்கும் அவோமோரியில் இறங்கி, நீரிணையைக் கடக்கும் கப்பலுக்கு ஒரு பெண் போகிறாள்; காதலனை விட்டு வடக்கே திரும்புகிறாள். 1988 மார்ச்சில் கடலடிச் சுரங்கப்பாதை திறந்ததும் அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை. இந்த வகைப் பாடல்களை எங்கா என்பார்கள். அவற்றின் சோக மெட்டுகளில் அடிக்கடி வரும் ஐந்து சுர வரிசை, சிவரஞ்சனியில் தைவதத்தை மட்டும் ஒரு படி இறக்கினால் கிடைப்பது. சிவரஞ்சனியே நமக்கு அழுகை. அதற்கும் கீழே ஒரு படி!

எனக்கு இதைவிடப் பிடித்தது 'நகோரி யுகி'. இஸே ஷோஸோ எழுதி, 1974-ல் காகுயாஹிமே குழு பதிவு செய்து, அடுத்த ஆண்டு இருகா என்ற பாடகி பாடிப் புகழடைந்தது. போக மனமில்லாமல் தங்கிவிட்ட பனி என்று சொல்லலாம். வசந்தம் வந்துவிட்டது, ஆனாலும் டோக்கியோவில் கடைசியாக ஒரு பனி விழுகிறது. ரயில் மேடையில் அவள் ஊருக்குக் கிளம்புகிறாள், வழியனுப்ப வந்தவன் பக்கத்தில் நிற்கிறான். அவ்வளவுதான் கதை. இதில் வேடிக்கை, இஸே பனிநாட்டுக்காரரே இல்லை. தெற்கே க்யூஷு தீவின் ஓயிதா மாவட்டத்துக்காரர். அவருடைய சொந்த ஊர் நிலையத்தில் இன்று அந்த மெட்டுதான் ரயில் வரும்போது ஒலிக்கிறது. பனி அவருக்குப் பிறந்த வீடாக இருக்கவில்லை. ஆனால் அந்த மொழியில் பனி அதற்குள் பிரிவின் சொல்லாகிவிட்டிருந்தது, அதை அவர் எடுத்துக்கொண்டார்.

ஏன் கடைசிப் பனி? ஜப்பானில் பள்ளி முடிவது மார்ச்சில், வேலையும் கல்லூரியும் தொடங்குவது ஏப்ரலில். அந்த ஆள் ஏற்றும் ரயில்களும் மார்ச்சில்தான் கிளம்பின. வடக்கில் அப்போதும் பனி கிடக்கும். நம் கணக்கில் அது மாசி, பங்குனி: பின்பனிக் காலம்.

இங்கேதான் தொல்காப்பியத்தைத் திறக்கவேண்டியதாகிறது. அகத்திணையியல் பனியை இரண்டாகப் பிரித்து இரண்டு நிலத்துக்குக் கொடுக்கிறது. மார்கழி, தை ஆகிய முன்பனி, கூதிரோடு சேர்ந்து குறிஞ்சிக்கு. அதாவது மலைக்கும் கூடலுக்கும். மாசி, பங்குனி ஆகிய பின்பனி, வேனிலோடு சேர்ந்து பாலைக்கு, அதாவது பிரிவுக்கு. குளிர் விலகும் நேரத்தில் மனிதர்களும் விலகுகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். உவேனோ நிலையத்தில் நின்றிருந்தால் தொல்காப்பியருக்கு ஒன்றும் புதிதாக இருந்திருக்காது.

நம் சினிமா இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. மலை, பனி, இரண்டு பேர், ஒரு பாட்டு. 'நினைவெல்லாம் நித்யா'வின் (1982) 'பனி விழும் மலர்வனம்' இளையராஜாவும் எஸ்.பி.பி.யும் உச்சத்தில் இருந்த கணம். அதன் பனி குளிராது. அது அசல் குறிஞ்சி. தப்பிப்போன ஒன்றிரண்டு உண்டு. 'மூடுபனி'யில் (1980) கடத்திவந்த பெண்ணிடம் கிதார் வாசித்துப் பாடுகிறான் ஒருவன். அந்த இனிமைக்குள் ஒரு பயம் இருக்கிறது. 'மௌன ராக'த்தில் (1986) கல்யாணமாகியும் சேராத இரண்டு பேருக்கு நடுவே 'பனி விழும் இரவு' வருகிறது. இவற்றை நான் பின்பனியின் ஓரத்தில் வைப்பேன். ஆனால் இவற்றிலும் பனி யாருக்கும் சொந்த ஊர் கிடையாது. கோடம்பாக்கத்துக்குப் பனி என்பது வாடகை ஸ்வெட்டரில் நாலு நாள் போய்வருகிற இடம். மலைக்காரர், பெரும்பாலும், குதிரை பிடிப்பவராகவோ பின்னணியில் சிரிப்பவராகவோ சட்டகத்தைக் கடந்து போய்விடுவார்.

கொடைக்கானலுக்கு இதில் தனிக்கதை உண்டு. ஆங்கிலேயர்கள் 'பிசாசின் சமையலறை' என்று அழைத்த பாறை இடுக்குகள், 1991-க்குப் பிறகு 'குணா குகை' ஆயின. வரைபடத்தில் ஒரு படத்தின் பெயர் ஏறியது. 'கண்மணி அன்போடு' முப்பது ஆண்டுகள் காதல் பாட்டாகவே இருந்தது. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', 2006-ல் அந்தப் பள்ளத்தில் விழுந்த நண்பனை மீட்ட கொச்சிப் பக்கத்து இளைஞர்களின் உண்மைக் கதையில் அதே பாட்டை ஒலிக்கவிட்டபோது, அது நண்பர்களின் பாட்டாக மாறியது. நினைவேக்கமும் கூடவே வந்தது. ஆனால் யாருடைய நினைவு? கொச்சியிலிருந்து வந்தவர்களுடையது, தியேட்டரில் தொண்ணூறுகளை நினைத்துக்கொண்ட என்னைப் போன்றவர்களுடையது.

ஒருவிதத்தில் பனியையும் ஏக்கத்தையும் சேர்க்கக்கூடிய தமிழர்கள், 1983-க்குப் பின் டொராண்டோவுக்கும் ஒஸ்லோவுக்கும் போன ஈழத்தவர்கள். அவர்களுக்கோ கணக்கு தலைகீழ். பனி இருப்பது இங்கே, வீடு இருப்பது வெயிலில். பனி வீடாகவும் ஏக்கமாகவும் ஒருசேர இருக்கமுடிகிற தமிழர்கள் மேல்மலைக்காரர்கள்தாம். பூண்டும் கேரட்டும் பேரிக்காயும் விளைகிற இந்த ஊர்களிலிருந்து பிள்ளைகள் மதுரைக்கும் கோவைக்கும் படிக்கவும் வேலைக்கும் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஜூன் மாத விடுதி அறையில், மின்விசிறிக்குக் கீழே, விறகடுப்பின் புகை மணக்கும் ஒரு காலையை நினைத்துக்கொள்ள அவர்களுக்கு ஏற்ற ஒரு சினிமாப் பாட்டு அகப்படவில்லை. பங்குனியில் பரீட்சை முடிந்து, பஸ் பெருமாள்மலை தாண்டி வளைந்து வளைந்து இறங்குகிறது. முன்னால் ஓட்டுநர் ஏதாவது ஒரு எண்பதுகளின் மழைப்பாட்டைப் போட்டிருப்பார். வத்தலக்குண்டு வருவதற்குள் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறார்கள்.