டெய்ஸி மில்லர்

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ் (1843–1916) எழுதிய குறுநாவல். நாயகியின் பெயரே தலைப்பு. ஆண்களோடு கூசாமல் சிரித்துப் பேசிச் சரசமாடும் ஓர் இளம்பெண்ணை, ரோமில் குடியிருக்கும் அமெரிக்கச் சீமாட்டிகள் சேர்ந்து ஒதுக்கிவைப்பதே கதை.

1877-இல் ரோமில் நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்ன செய்தியே இதற்கு விதை. வெள்ளந்தியான ஓர் அமெரிக்கத் தாயும் மகளும் அங்கே வந்திருந்தார்கள். எங்கோ அறிமுகமான அழகன் ஒருவனோடு அந்தப் பெண் பழகினாள், அதனால் சிறிது அவமானப்பட்டாள். செய்தி அவ்வளவுதான். ஜேம்ஸ் எழுதியனுப்பிய கதையைப் பிலடெல்பியாவின் லிப்பின்காட் இதழ் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பியது. லண்டனில் கார்ன்ஹில் இதழின் ஆசிரியரும் வர்ஜீனியா உல்ஃபின் தந்தையுமான லெஸ்லி ஸ்டீபன் அதை ஏற்று, 1878 ஜூன், ஜூலை இதழ்களில் வெளியிட்டார். அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே அப்போது பதிப்புரிமை ஒப்பந்தம் இல்லை. பாஸ்டன், நியூயார்க் பத்திரிகைகள் ஆசிரியரைக் கேளாமலே கதையை எடுத்துப் போட்டுக்கொண்டன.

ஸ்விட்சர்லாந்தின் வெவே நகர விடுதியில் கதை தொடங்குகிறது. ஸ்கெனெக்டடி என்ற அமெரிக்க ஊரின் பணக்காரக் குடும்பத்துப் பெண் டெய்ஸி, 27 வயது விண்டர்போர்னைச் சந்திக்கிறாள். அறிமுகமான சில நாளிலேயே துணைக்கு ஆளில்லாமல் அவனோடு ஷியோன் கோட்டையைப் பார்க்கப் போகிறாள். அவனுடைய அத்தை திருமதி காஸ்டெல்லோவோ அவள் முகத்தில் விழிக்கவும் மறுக்கிறாள். பிறகு ரோம். அங்கே டெய்ஸி, ஜியோவனெல்லி என்ற இத்தாலியனோடு ஊர் பார்க்க நடக்கிறாள்.

கதையின் உயிர் பிஞ்சோ தோட்டத்துக் காட்சியில் இருக்கிறது. ஊரே உலாவரும் மாலை நேரம். ரோமில் குடியிருக்கும் அமெரிக்கச் சீமாட்டி திருமதி வாக்கர் வண்டியில் விரைந்து வந்து, "மானத்தைக் காப்பாற்றிக்கொள், ஏறு" என்ற தொனியில் டெய்ஸியை வற்புறுத்துகிறாள். நடப்பது தவறென்றால் தான் முழுக்கத் தவறானவள்தான் என்று சிரித்துவிட்டு, டெய்ஸி நடந்தே போகிறாள். சில நாள் கழித்துத் தன் வீட்டு விருந்தில் விடைபெற வந்த அவளுக்கு வாக்கர் முதுகைத் திருப்பிக்கொள்கிறாள். டெய்ஸியின் முகம் வெளுத்துப்போகிறது.

அவளுக்குத் தீர்ப்பெழுதும் காஸ்டெல்லோ, வாக்கர் இருவரும் ஐரோப்பியர்கள் அல்லர். ஐரோப்பாவில் தங்கி, அந்த ஊர்க்காரர்களை விடவும் கட்டுப்பாடாக இருந்து காட்டவேண்டிய கவலையில் வாழும் அமெரிக்கர்கள். சொந்த நாட்டுப் பெண்ணால் தங்கள் மரியாதை போய்விடுமோ என்ற அச்சமே அவர்களுடைய ஒழுக்கத்துக்கு அடிப்படை. விண்டர்போர்னும் அவர்களுக்குக் குறைந்தவன் இல்லை. ஜெனீவாவில் வயதில் மூத்த ஓர் அயல்நாட்டுப் பெண்ணோடு அவனுக்குத் தொடர்பு என்று ஊர் பேசுகிறது. அதற்காக அவனை யாரும் விலக்கவில்லை. ஆனால் அவனோ டெய்ஸி நல்லவளா கெட்டவளா என்று எடைபோட்டுக்கொண்டே இருக்கிறான். நிலவொளியில் கொலோசியத்துக்குள் அவளை ஜியோவனெல்லியோடு பார்த்ததும், இனி மதிக்கத் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறான். அந்த இரவு தொற்றிய ரோமானியக் காய்ச்சலில், அதாவது மலேரியாவில், அவள் இறக்கிறாள். இரவுக் காற்றே அந்நோய்க்குக் காரணம் என்று நம்பிய காலம் அது. கொசுவின் பங்கை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். அவளைப் போன்ற களங்கமற்றவள் வேறில்லை என்று கல்லறையருகே ஜியோவனெல்லி சொன்ன பிறகே விண்டர்போர்னுக்குத் தன் பிழை உறைக்கிறது. பிறகு அவன் ஜெனீவாவுக்கே திரும்பிவிடுகிறான்.

வாசகர்களும் அதே வழக்கைத் தொடர்ந்தார்கள். டெய்ஸிக்கு ஆதரவாகவும் எதிராகவும் சமூகமே பிரிந்துவிட்டது என்று நாவலாசிரியர் ஹோவெல்ஸ் எழுதினார். அவள் வேண்டுமென்றே ஊரை எதிர்த்தாளா என்று எலிசா லின் லிண்டன் என்ற எழுத்தாளர் கடிதத்தில் கேட்டபோது, அவள் சூதுவாது அறியாதவள் என்றே ஜேம்ஸ் பதிலெழுதினார். 1882-இல் அவரே இதை நாடகமாக்கி, டெய்ஸியையும் விண்டர்போர்னையும் சேர்த்துவைத்தார். நியூயார்க் நாடக அரங்கம் அதை ஏற்கவில்லை. அதற்காக வருந்த வேண்டியதில்லை, ஏனென்றால் சுபமுடிவு ஊராரின் குற்றத்தை அழித்துவிடுகிறது. 1909 திருத்தப் பதிப்பில் 'ஓர் ஆய்வு' என்ற துணைத்தலைப்பை நீக்கி, டெய்ஸிக்குக் கவித்துவம் கூட்டினார். முதற்பதிப்பின் சுறுசுறுப்பான டெய்ஸியே இன்றும் நெருக்கமாக இருக்கிறாள்.

1974-இல் பீட்டர் போக்டனோவிச் இதைத் திரைப்படமாக்கினார், சிபில் ஷெப்பர்ட் டெய்ஸியாக நடித்தார். ஈரானியப் புரட்சிக்குப் பிந்தைய தெஹ்ரானில் இக்கதையைப் பாடமாக நடத்திய அசார் நஃபீசி, தம் மாணவர்கள் டெய்ஸியின் நடத்தையைப் பற்றிக் கடுமையாக வாதிட்டதை 2003-இல் வந்த நினைவுநூலில் பதிவுசெய்திருக்கிறார்.