ஒரு வரி நோட்டீஸின் வாரிசுகள்

அமெரிக்காவின் வலதுசாரிக் கிறிஸ்தவ அரசியல் எப்போது பிறந்தது என்று அந்த இயக்கத்தாரைக் கேட்டால், பெரும்பாலும் 1973 ஜனவரி 22 என்பார்கள். கருக்கலைப்பை அரசியல் சட்ட உரிமையாக்கிய ‘ரோ எதிர் வேட்’ தீர்ப்பு வந்த நாள் அது. அதைப் பொறுக்க முடியாமல்தான் போதகர்கள் பிரசங்க பீடத்திலிருந்து அரசியல் மேடைக்கு வந்தார்கள் என்பது கதை. இதில் எனக்கு உறுத்தியது கால இடைவெளி. போதகர் ஜெர்ரி ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கியது 1979 ஜூனில். கொதித்தெழுந்தவர்கள் ஆறு ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தீர்மானங்கள், தீர்ப்புகள், கட்சி அறிக்கைகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிப் படிக்கத் தொடங்கினேன்.

முதல் முடிச்சு செயின்ட் லூயிஸ் நகரில் அவிழ்ந்தது. நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் சபையான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1971இல் அங்கே கூடி ஒரு தீர்மானம் போட்டது. பாலியல் வன்கொடுமை, கருவில் கடுமையான ஊனம், தாயின் உடலுக்கோ மனதுக்கோ கேடு போன்ற நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்காகச் சபையார் பாடுபட வேண்டும் என்கிறது அது. தீர்ப்பு வந்த பிறகு, 1974இலும் 1976இலும் சபை அதை மறுபடி உறுதி செய்தது. டாலஸ் நகரின் புகழ்பெற்ற போதகர் டபிள்யூ. ஏ. கிறிஸ்வெல் தீர்ப்பை வரவேற்றே பேசினார். அப்போது கருக்கலைப்பு எதிர்ப்பைத் தோளில் சுமந்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்.

அப்படியானால் இவாஞ்சலிக்கல் புராட்டஸ்டன்ட் தலைவர்களை உசுப்பியது எது? ஃபால்வெல்லின் பழைய தடங்களைப் பார்த்தேன். 1965இல், சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, போதகரின் வேலை ஆத்துமாக்களை ஆதாயம் செய்வது, அரசியல் அல்ல என்று பிரசங்கித்தவர் அவர். 1967இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். வெள்ளையர் பிள்ளைகளுக்கான தனியார் பள்ளி என்று உள்ளூர் நாளிதழ் அதை அறிமுகப்படுத்தியது. அந்த ஒரு வரிதான் என்னை வருமான வரிக் கோப்புகளின் பக்கம் திருப்பியது.

அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் நெருக்கியபோது, தென் மாநிலங்களில் தனியார் பள்ளிகள் முளைத்தன. மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் அரசுப் பள்ளிகளிலிருந்த வெள்ளை மாணவர்கள் ஒரே ஆண்டில் 771இலிருந்து 28 ஆனார்கள். மறு ஆண்டு ஒருவர்கூட இல்லை. இப்படி முளைத்த பள்ளிகளுக்கு வரிவிலக்கு ஏன் என்று கறுப்பினப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இனப்பாகுபாடு காட்டும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1971 ஜூன் 30இல் ‘கிரீன் எதிர் கானலி’ வழக்கில் தீர்ப்பானது.

அடுத்த அடி தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு விழுந்தது. 1971 வரை அங்கே கறுப்பினத்தவருக்கு இடமே இல்லை. பிறகு சேர்த்தாலும், இனம் மாறிக் காதலிப்பவர்களை வெளியேற்றும் விதி இருந்தது. 1976 ஜனவரி 19 அன்று அதன் வரிவிலக்கை வரித்துறை ரத்து செய்தது. ஜனநாயகக் கட்சி அதிபர் ஜிம்மி கார்ட்டர்தான் கிறிஸ்தவப் பள்ளிகள் மீது பாய்ந்தார் என்று பின்னாளில் பிரசாரம் நடந்தது. கார்ட்டர் பதவியேற்றதோ 1977 ஜனவரி 20. ரத்து உத்தரவு வந்தபோது வெள்ளை மாளிகையில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் ஜெரால்டு ஃபோர்டு.

1978 ஆகஸ்டில் வரித்துறை ஆணையர் ஜெரோம் கர்ட்ஸ் புதிய விதிகளை முன்வைத்தார். அரசுப் பள்ளிகளில் இனப்பிரிவினை நீங்கிய காலத்தில் தொடங்கிய தனியார் பள்ளிகளில் சிறுபான்மைப் பிள்ளைகள் பெயருக்குக்கூட இல்லையென்றால், பாகுபாடு காட்டவில்லை என்பதைப் பள்ளிதான் நிரூபிக்க வேண்டும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. 1979இல் காங்கிரஸ் தலையிட்டு விதிகளை முடக்கியது. மாரல் மெஜாரிட்டி பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்தப் பொருத்தம் தற்செயல் அல்ல என்பதற்கு உள்ளிருந்தே சாட்சி உண்டு. ஃபால்வெல்லை அரசியலுக்கு இழுத்த வியூகக்காரர் பால் வெய்ரிச், கருக்கலைப்பு, ஆபாசப் படங்கள், பள்ளிப் பிரார்த்தனை என்று எதை எடுத்தும் போதகர்களைத் திரட்ட முடியவில்லை, பள்ளிகளின் வரிவிலக்கில் கைவைத்தபோதுதான் அசைந்தார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். 1990இல் அதை நேரில் கேட்ட வரலாற்றாசிரியர் ராண்டல் பால்மர் வெய்ரிச்சின் ஆவணங்களையும் ஆராய்ந்து, இந்தக் கருத்தை நூலாகவே எழுதினார்.

ஆனால் வரிவிலக்கு ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. பள்ளிப் பிரார்த்தனைக்கு எதிரான 1962 தீர்ப்பு, பெண்களுக்கான சம உரிமைத் திருத்தத்தை எதிர்த்து ஃபில்லிஸ் ஷ்லாஃப்லி திரட்டிய இல்லத்தரசிகள், 1977இல் மயாமியில் தன்பாலினத்தவர் உரிமைக்கு எதிராக அனிடா பிரையன்ட் நடத்திய பிரசாரம் எல்லாம் சேர்ந்துதான் நெருப்பு மூண்டது. 1978 செனட் தேர்தலில் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த அயோவாவின் டிக் கிளார்க் தோற்றபோது, கருக்கலைப்பு எதிர்ப்பு ஓட்டு சேர்க்கும் என்பதும் தெரிந்துவிட்டது. காகிதங்களைப் படித்து நான் வந்த முடிவு இது: தலைவர்களைக் கூட்டியது வரி நோட்டீஸ், கூட்டத்தைக் கூட்டியது கருக்கலைப்பு. கத்தோலிக்கரையும் பாப்டிஸ்டுகளையும் ஒரே அணியில் நிறுத்தும் வலு இரண்டாவதற்கே இருந்தது.

1980இல் பாப்டிஸ்ட் சபை மறுபடி செயின்ட் லூயிஸில் கூடியது. தாயின் உயிரைக் காக்க மட்டுமே விலக்களித்து, கருக்கலைப்பைத் தடைசெய்ய அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று இம்முறை தீர்மானித்தது. அந்த ஆண்டின் குடியரசுக் கட்சித் தேர்தல் அறிக்கை இரண்டு கோரிக்கைகளையும் ஏற்றது. கருக்கலைப்புக்கு எதிரான திருத்தத்தை ஆதரித்தது. தனியார் பள்ளிகளை வரித்துறை பழிவாங்குவதை நிறுத்துவோம் என்றும் வாக்களித்தது. அதன் வேட்பாளர் ரொனால்டு ரீகன், 1967இல் கலிஃபோர்னிய ஆளுநராகக் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர்.

வென்ற ரீகன் அரசு 1982 ஜனவரியில் பாப் ஜோன்ஸுக்குச் சாதகமாக நிலை மாற்றிக் கண்டனத்துக்கு ஆளானது. 1983 மே 24இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இனப்பாகுபாட்டுக்கு வரிச்சலுகை கேட்பது அதன் பின் மேடையில் எடுபடாத கோரிக்கையாயிற்று. 1973 தீர்ப்போ 2022 வரை நின்று, தேர்தலுக்குத் தேர்தல் எதிரியாகப் பயன்பட்டது. தோற்றுப்போன வழக்கைத் தன் பிறப்புச் சான்றிதழில் எழுதிக்கொள்ள எந்த இயக்கமும் விரும்பாது. முடியாத வழக்கின் தேதியைத்தான் எழுதிக்கொள்ளும்.