புத்தளம் கரையோரத்தில் சேவைக் கழகமொன்றில் சேர விரும்புவோருக்கு

றோட்டரி, லயன்ஸ் கழகங்களுக்கு ஆண்டு பிறப்பது ஜனவரியில் அல்ல, ஜூலை முதலாம் திகதியில். அதனால் ஜூலை வந்தால் எங்கள் கரையோர நகரங்களில் பதவியேற்பு வைபவங்கள் தொடங்கிவிடும். புதிய தலைவர், செயலாளர், பொருளாளர் பதவியேற்கும் மேடையிலேயே புதிய அங்கத்தவர்களின் சட்டையிலும் கழகச் சின்னம் குத்தப்படும். படங்கள் முகநூலில் வந்த மறுநாளே என்னிடம் கேள்விகளும் வரும். புத்தளம் மாவட்டத்தில் இப்படியான கழகமொன்றில் சில வருடங்களாக நான் அங்கத்தவன். எவ்வளவு செலவாகும், யார் சேர்க்கலாம், ஆங்கிலம் தெரிய வேண்டுமா என்று கேட்பார்கள். கற்பிட்டிப் பக்கத்து மீனவர் ஒருவர் கேட்டது வேறு: "கோட் போட்டுக்கிட்டுத்தான் வரணுமா நானா?"

அவரைப் போன்றவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கழகங்களின் பிறப்பு

இரண்டு பெரிய கழகங்களும் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தவை. 1905 பெப்ரவரி 23 அன்று போல் ஹாரிஸ் என்ற சட்டத்தரணி மூன்று நண்பர்களுடன் கூடிப் பேசியதே றோட்டரியின் முதல் கூட்டம். ஒவ்வொருவரின் அலுவலகத்திலும் சுழற்சி முறையில் கூடியதால் அந்தப் பெயர் வந்தது. காப்புறுதித் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸின் முயற்சியில் 1917இல் லயன்ஸ் உருவானது. வியாபாரத் தொடர்புக்காக மட்டும் கூடுவதில் அர்த்தமில்லை, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவரது எண்ணம். 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு கேட்டார். இன்றும் லயன்ஸ் என்றால் கண் பரிசோதனையும் மூக்குக்கண்ணாடியும் முதலில் நினைவுக்கு வருவதற்கு அந்தப் பேச்சே காரணம்.

இலங்கையில் முதல் றோட்டரிக் கழகம் 1929இல் கொழும்பில் அமைந்தது. உலக றோட்டரி 1985இல் தொடங்கிய போலியோ ஒழிப்புத் திட்டத்தில் இலங்கைக் கழகங்களும் பங்கெடுத்தன. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். தடுப்பு மருந்து கொடுத்தது அரச சுகாதாரத் துறை. பிள்ளைகளைத் திரட்டுவதிலும் பணம் சேர்ப்பதிலும் தோள் கொடுத்தவை தொண்டர் அமைப்புகள். ஒரு கழகம் தனியாகப் பெரிய காரியம் செய்வது அபூர்வம், அரசாங்கத்தின் கை எட்டாத இடத்தில் கை கொடுப்பதே அதன் வேலை என்பதைப் புதியவர் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

சேரும் முறை

விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவுடன் அங்கத்தவராகும் இடம் இதுவல்ல. இரண்டு கழகங்களிலும் அழைப்பின் பேரிலேயே சேரலாம். ஏற்கெனவே அங்கத்தவராக உள்ள ஒருவர் உங்களை முன்மொழிய வேண்டும். அதற்கு முன் விருந்தினராக இரண்டு மூன்று கூட்டங்களுக்கு அழைப்பார்கள். அந்தக் கூட்டங்கள் அவர்கள் உங்களைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, நீங்கள் அவர்களைப் பார்ப்பதற்கும்தான். பிறகு பெயர் நிர்வாக சபைக்குப் போகும். சபை ஏற்றுக்கொண்டால், மற்ற அங்கத்தவர்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்கப்படும். அதன் பிறகே கட்டணமும் சின்னமும் உறுதிமொழியும்.

யாரையும் தெரியாதவர் என்ன செய்வது? கழகம் நடத்தும் இரத்ததான முகாமுக்கோ கடற்கரைச் சிரமதானத்துக்கோ போய் ஒரு நாள் வேலை செய்யுங்கள். செயலாளரிடம் நேரே போய், சேர விருப்பம் என்று சொல்லுங்கள். பெரும்பாலான கழகங்கள் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன.

றோட்டரியில் தொழில் வகைப்பாடு என்றொரு பழைய வழக்கம் உண்டு. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆரம்பித்தது. இப்போது அவ்வளவு இறுக்கமில்லை, ஆனாலும் ஊரின் எல்லாத் தொழில்களும் கழகத்துக்குள் தெரிய வேண்டும் என்ற கருத்து மாறவில்லை. இதை எங்கள் கரையோரத்தில் பொருத்திப் பாருங்கள். உப்பளம், தென்னந்தோட்டம், இறால் பண்ணை, சீமெந்துத் தொழிற்சாலை, நுரைச்சோலை அனல்மின் நிலையம், கற்பிட்டியின் மரக்கறிச் செய்கை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடற்றொழில். ஆனால் மேசையைச் சுற்றிப் பார்த்தால் வைத்தியர், சட்டத்தரணி, வங்கி முகாமையாளர், கடை முதலாளி என்றே இருக்கும். படகு வைத்திருப்பவரைக் காண்பது கடினம். கோட் பற்றிக் கேட்ட மீனவருக்கு நான் சொன்ன பதில், கோட் தேவையில்லை, நீங்கள்தான் தேவை என்பது.

செலவு எவ்வளவு?

தொகை கழகத்துக்குக் கழகம் வேறுபடும். ஆனால் அது எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளலாம். சேரும்போது ஒரு தடவை கட்டும் கட்டணம் உண்டு. ஆண்டுச் சந்தாவில் ஒரு பகுதி சர்வதேசத் தலைமையகத்துக்கும், ஒரு பகுதி மாவட்ட நிர்வாகத்துக்கும், மீதி உங்கள் கழகத்துக்கும் போகும். கழகங்கள் சொல்லும் 'மாவட்டம்' வேறு, புத்தளம் மாவட்டம் வேறு. அது பல ஊர்க் கழகங்களைச் சேர்த்த பெரிய அலகு.

சர்வதேசச் சந்தா டொலரில் கணக்கிடப்படுகிறது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டபோது, அந்தச் சுமை அங்கத்தவர் தலையில் விழுந்தது. மாதச் சம்பளக்காரர் பலர் அப்போது யோசித்தார்கள். இவற்றோடு கூட்டத்துக்கான சாப்பாட்டுச் செலவு, விழாச் செலவு, அவ்வப்போது கேட்கப்படும் நன்கொடை எல்லாம் சேரும். ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று சேருமுன் பொருளாளரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் சேர்ந்து, சந்தா கட்ட முடியாமல் சத்தமில்லாமல் ஒதுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பெண்களும் இளைஞர்களும்

நீண்ட காலம் இரண்டும் ஆண்களின் கழகங்களாகவே இருந்தன. கலிபோர்னியாவின் டுவார்ட்டே ஊர் றோட்டரிக் கழகம் பெண்களைச் சேர்த்ததற்காக விலக்கப்பட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987இல் தீர்ப்பு பெண்களுக்குச் சார்பாக வந்தது. 1989இல் றோட்டரி தன் யாப்பை மாற்றியது. லயன்ஸும் 1987இலேயே கதவைத் திறந்தது. ஆகவே 'பொம்பிளைகளுக்கு இங்கே இடமில்லை' என்று யாராவது சொன்னால், அது கழகத்தின் யாப்பு அல்ல, சொல்பவரின் சொந்த அபிப்பிராயம்.

இளையவர்களுக்குத் தனி வழிகள் உண்டு. 12 முதல் 18 வயது வரை இன்டரக்ட், 18 வயதுக்கு மேல் றோட்டரக்ட், 12 முதல் 30 வரை லியோ. றோட்டரக்டில் முன்பிருந்த 30 வயது எல்லை 2020இல் நீக்கப்பட்டது. இவற்றில் செலவு பொதுவாகக் குறைவு. பாடசாலை விட்டுப் பல்கலைக்கழகமோ தொழிலோ தேடும் பிள்ளைக்கு, கூட்டறிக்கை எழுதவும் கணக்கு வைக்கவும் மேடையில் பேசவும் இதைவிட நல்ல பயிற்சி எங்கள் பக்கத்தில் அதிகமில்லை.

ஒரே மேசையில் மூன்று சமூகம்

எனக்கு இந்தக் கழகங்களில் பிடித்ததும், பயமாக இருப்பதும் ஒரே விடயம்தான்: யார் யார் பக்கத்தில் அமர்கிறார்கள் என்பது. வென்னப்புவ, சிலாபம் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர், உடப்புத் தமிழர், புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கு வந்து குடியேறியவர்கள் என்று பலரும் வாழும் கரை இது. வீடிழந்து வந்தவர்களுக்கு முதல் சோறு போட்டவர்கள் பள்ளிவாசல்களும் ஊர் மக்களும்தான்.

2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, மே மாதம் 12ஆம் திகதி ஒரு முகநூல் பதிவை வைத்துச் சிலாபத்தில் பதற்றம் மூண்டது. மறுநாள் வன்முறை பரவி, எங்கள் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் கொல்லப்பட்டார். அப்படியான இரவில் மறுபக்கத்திலுள்ள ஒருவரின் தொலைபேசி இலக்கம் கையில் இருப்பதும், அழைத்தால் அவர் எடுப்பார் என்ற நம்பிக்கை இருப்பதும் சின்ன விடயமல்ல. ஒரே வேலையைச் சேர்ந்து செய்து பழகியவர்களிடம்தான் அது வரும்.

ஆனால் அது தானாக நடக்காது. கூட்டம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ மட்டும் நடந்தால், தமிழ் பேசுபவர் கைதட்ட மட்டும் வந்தவராகிவிடுவார். மொழிபெயர்க்க ஒருவர் இருக்கிறாரா, கூட்டறிக்கை தமிழிலும் வருமா என்று கேளுங்கள். முதல் தடவை கேட்பவர் தொல்லைக்காரர். இரண்டாவது ஆளும் கேட்டால் அது வழக்கமாகிவிடும்.

பாம்பலவின் வேறு பாதை

கோட்டும் சந்தாவும் இல்லாத ஒரு மாதிரியும் எங்கள் மாவட்டத்திலேயே உண்டு. சிலாபத்துக்கு அருகே பாம்பலவில் இயங்கும் இலங்கைச் சிறு மீனவர் சம்மேளனம், சுருக்கமாக 'சுதீச', களப்பு ஓரப் பெண்களைக் குழுக்களாக்கியது. 1980களிலும் 90களிலும் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் பல பாழாயின. காடும் போய்ப் பண்ணையும் போன இடத்தில் மிஞ்சியது வெறும் குழிகள்.

2015 மே மாதம் சுதீச, அமெரிக்காவின் சீகொலொஜி அமைப்புடனும் அரசாங்கத்துடனும் சேர்ந்து, நாட்டிலுள்ள 8,815 ஹெக்டேயர் கண்டலையும் காக்கும் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆரம்பித்தது. 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சுமார் 100 டொலர் அளவிலான சிறு கடனும் வழங்குவது, அதற்கு ஈடாக அவர்கள் தங்கள் ஊர்க் கண்டலைப் பாதுகாப்பது என்பது ஒப்பந்தம். 2016 ஜூலையில் பாம்பலவில் கண்டல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இங்கே அங்கத்தவரே பயனாளியும். சேவை செய்பவர் ஒரு பக்கம், பெறுபவர் மறுபக்கம் என்ற கோடு இல்லை. நகரக் கழகங்கள் இதிலிருந்து கற்க நிறைய உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் ஆகியவையும் இதே வகைதான். சின்னம் இல்லையென்பதால் அவை சிறியவையாகிவிடா.

சேருமுன் கேட்க வேண்டியவை

1. கடந்த ஆண்டின் கணக்கு அங்கத்தவர்களுக்குக் காட்டப்பட்டதா? மக்களிடம் சேர்த்த பணமும் நிர்வாகச் செலவுப் பணமும் தனித்தனியாக வைக்கப்படுகின்றனவா?

2. மூன்று வருடங்களுக்கு முன் செய்த வேலை இன்று எப்படி இருக்கிறது? குடிநீர்த் தாங்கி கட்டினார்கள் என்றால், இன்று அதில் தண்ணீர் வருகிறதா?

3. எந்த வேலை செய்வது என்பதை ஊர் மக்களிடம் கேட்டா முடிவு செய்கிறார்கள்?

4. தேர்தல் காலத்தில் கழக மேடையில் வேட்பாளர்கள் ஏறுகிறார்களா? இரண்டு கழகங்களுமே கட்சி அரசியலுக்கு அப்பாற்பட்டவை என்றே சொல்லிக்கொள்கின்றன.

5. மாதத்தில் எத்தனை மணி நேரம் கேட்கிறார்கள்? குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்ல முடியுமா?

இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். முதல் வருடம் பதவி எதையும் ஏற்காதீர்கள். கதிரை அடுக்குங்கள், பெயர்ப் பட்டியல் எழுதுங்கள், இரத்ததான முகாமில் தேநீர் கொடுங்கள். கணக்குப் புத்தகத்தை ஒரு தடவையாவது முழுதாக வாசியுங்கள். இரண்டாவது வருடம், உங்கள் தெருவிலிருந்து இதுவரை யாரும் அழைக்காத ஒருவரை முன்மொழியுங்கள். அவர் படகு வைத்திருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது.