செம்மண் மேடு – 9: முதல் பள்ளியின் பெயர் கடைசிப் பள்ளி

சென்ற வாரம் ஒரு தாளை உங்கள் முன் மடித்து வைத்துவிட்டுப் போனேன். இப்போது பிரிக்கலாம்.

1970 டிசம்பர் 15, செவ்வாய்க்கிழமை. பாண்டிச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் ஸ்ரீ அன்னையிடமிருந்து வந்த தாள் அது. ஆரோவில் பள்ளியில் என்னென்ன மொழிகள் சொல்லித்தர வேண்டும் என்பதற்கான பட்டியல். மொத்தம் நான்கு மொழி. எழுதியவர் பாரிஸில் பிறந்தவர். கேட்ட ஆரோவில்காரர்களிலும் பலர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். அதனால் முதல் இடம் பிரெஞ்சுக்குத்தான் என்று நினைத்திருப்பீர்கள். பிரெஞ்சுக்கு இரண்டாம் இடம். முதல் இடத்தில் இருந்தது தமிழ்.

வெடி மூன்றாவது வரியில் இருந்தது. எளிமையாக்கப்பட்ட சமஸ்கிருதம், அதுவும் இந்தியாவின் மொழியாக இந்தியின் இடத்துக்கு வருவதற்காக! நான்காவது ஆங்கிலம், உலகத்தோடு பேச.

அந்த நாளின் தமிழ்நாட்டை நினைத்துப் பாருங்கள். 1965 ஜனவரியில் இந்தியை எதிர்த்துத் தீக்குளிப்புகளும் துப்பாக்கிச் சூடும் நடந்து ஆறு வருடம்கூட ஆகவில்லை. 1968 ஜனவரி 23இல் அண்ணா சட்டமன்றத்தில் இருமொழித் தீர்மானம் கொண்டுவந்து, தமிழும் ஆங்கிலமும் போதும், பள்ளியில் இந்தி வேண்டாம் என்று முடித்துவிட்டார். அதற்குச் சரியாக 36 நாள் கழித்து, பிப்ரவரி 28இல், இதே மாநிலத்தின் தென்னாற்காடு மாவட்டத்துச் செம்மண் மேட்டில் 124 நாட்டு மண்ணை ஒரு தாழியில் கொட்டி ஆரோவில் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த ஆரோவில்லின் பள்ளிப் பட்டியலில் தமிழ் முதலில் வருகிறது, இந்தி நீக்கப்படுகிறது, அதன் நாற்காலியில் சமஸ்கிருதம் உட்கார்கிறது. திராவிட இயக்கத்துக்காரர் யாராவது அன்றைக்கு இந்தத் தாளைப் படித்திருந்தால், முதல் வரிக்குக் கைதட்டிவிட்டு மூன்றாவது வரிக்குக் கறுப்புக்கொடி எடுத்திருப்பார்.

சரி, பட்டியல் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் எங்கே?

பொம்மையார்பாளையம் கடற்கரையிலிருந்து மேற்கே மேடேறினால் குயிலாப்பாளையம். இன்று அந்தத் தெருவில் ஸ்கூட்டரை நிறுத்த இடம் கிடைக்காது. அன்று ஊரைச் சுற்றி முந்திரியும் மல்லாட்டையும் கம்பும் கேழ்வரகும்தான். மழை பெய்தால் ஓடைகள் மண்ணை அறுத்துக்கொண்டு போய்க் கடலில் கொட்டும். கரையோரம் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். பனைமரம் இருந்த அளவுக்கு நிழல் இருந்தது. பனைமரத்தின் நிழல் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும்.

1969இல் பிரான்சிலிருந்து தரைவழியாக வண்டிகளில் கிளம்பி வந்த கூட்டத்தைப் பற்றி ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். அவர்களுக்காகக் குயிலாப்பாளையத்தை ஒட்டி எழுந்த குடியிருப்பின் பெயர் ஆஸ்பிரேஷன். கூரை என்னவோ நம்மூர்க் கீற்றுதான். அந்தச் சொல் வெள்ளைக்காரர்கள் வாயில் ‘கீட்’ ஆகி, ஆரோவில் ஆங்கிலத்தில் இன்றும் புழங்குகிறது. பட்டியலில் தமிழ் முதலில் வந்ததோ இல்லையோ, கூரை வழியாக உள்ளே வந்துவிட்டது.

அந்தக் குடியிருப்பில்தான் பள்ளிக்குக் கட்டடம் எழுந்தது. வரைந்தவர் பாரிஸ் கட்டடக் கலைஞர் ரோஜே ஆஞ்சே. ஆரோவில் நகரத் திட்டத்துக்கே அவர்தான் தலைமை. 1971 அக்டோபர் 6, புதன்கிழமை, புரட்டாசி மாதம். ஆரோவில்லின் முதல் பள்ளிக் கட்டடம் திறக்கப்பட்டது. அன்னைக்கு அப்போது 93 வயது. நேரில் வரவில்லை, செய்தி அனுப்பினார். பத்திப்பத்தியாக வாழ்த்து எதுவும் கிடையாது. அறியவும் முன்னேறவும் மனதார விருப்பம் வேண்டும் என்கிற மாதிரி ஒற்றை வரி.

பள்ளிக்கு அவர் வைத்த பெயர் லாஸ்ட் ஸ்கூல். கடைசிப் பள்ளி.

முதல் பள்ளிக்குக் கடைசிப் பள்ளி என்று பெயர் வைப்பானேன்? விடை வரிசையில் இருக்கிறது. லாஸ்ட் ஸ்கூலுக்கு அடுத்தது ஆஃப்டர் ஸ்கூல், பிறகு சூப்பர் ஸ்கூல், எல்லாவற்றுக்கும் முடிவில் நோ ஸ்கூல். பள்ளிக்கூடம் என்ற வழக்கத்துக்கே இதுதான் கடைசிப் படி. இதற்கு மேலே ஏற ஏறப் பள்ளி கரைந்து, வாழ்க்கையே பாடமாக வேண்டும் என்பது கணக்கு. நோ ஸ்கூல் என்ற பெயரை மட்டும் அன்று குயிலாப்பாளையம் பையன்களிடம் யாராவது சொல்லியிருந்தால், ஊரே காலையில் அங்கே வரிசையில் நின்றிருக்கும்.

ஒரு பள்ளியின் பருவத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வழக்கமாக என்ன எழுதுவோம்? அரையாண்டுப் பரீட்சையில் முதல் மதிப்பெண், மாவட்டக் கபடிப் போட்டியில் இரண்டாம் இடம், ஆண்டு விழாவில் நாடகம், தலைமையாசிரியர் அறிக்கை. லாஸ்ட் ஸ்கூலில் இதற்கெல்லாம் தாள் தேடினால் கிடைக்காது. பரீட்சை கிடையாது. பட்டம், சான்றிதழ் கிடையாது. யாரும் பெயிலாகாத இடத்தில் பாஸ் என்ற சொல்லுக்கும் வேலை இல்லை. வரலாறு எழுதுகிறவனுக்கு இது பெரிய கொடுமை ஐயா. சாதனையைக் குறித்துவைக்கக் கூடாது என்று முடிவெடுத்த பள்ளியின் சாதனையை நான் எந்தப் பதிவேட்டில் போய்த் தேடுவது?

இந்த யோசனை ஆரோவில்லில் பிறந்ததில்லை. கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1942 ஏப்ரல் 6. ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னை காலியாகத் தொடங்கியது. அந்தப் போர்க்காலத்தில் அடைக்கலம் தேடிப் பாண்டிச்சேரி ஆசிரமத்துக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். அதுவரை குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை. வந்த குழந்தைகளை என்ன செய்வது? 1943 டிசம்பர் 2இல் ஏறக்குறைய இருபது பிள்ளைகளோடு அன்னை ஒரு பள்ளி திறந்தார். 1952இல் அது பல்கலைக்கழக மையமாக வளர்ந்து, 1959இல் ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம் என்ற பெயர் பெற்றது. இன்றுவரை அங்கே பட்டம் தருவதில்லை.

ஆனால் உடற்பயிற்சி உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 2 மாலையில் மைதானத்தில் சிறுசு பெரிசு எல்லாரும் அணிவகுத்து உடற்பயிற்சி காட்டுவார்கள். பாண்டிக்காரர்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். 1940களிலேயே அங்கே பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டை போட்டு ஓடினார்கள். அன்றைய பாண்டித் தெருக்களில் அது எவ்வளவு பேச்சாகியிருக்கும்! அன்னையே எண்பது வயது வரைக்கும் டென்னிஸ் ஆடியவர். மார்க்கு வேண்டாம், வியர்வை வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் கொள்கை என்று நான் சுருக்கிச் சொன்னால் ஆசிரமத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ அது சரியான சுருக்கமாகத்தான் படுகிறது.

பாண்டியின் வெள்ளைச் சுவர்களுக்குள் செல்லுபடியான அந்தக் கொள்கை, நிழலில்லாத செம்மண் மேட்டுக்கு ஏறி வந்தபோது என்ன ஆயிற்று?

இங்கே மைதானமே வேலைக்களம். 1971 பிப்ரவரி 21இல் ஆரோவில்லின் மையக் கட்டடமான மாத்ரிமந்திருக்கு அடிக்கல் நட்டார்கள். மார்ச் 14இல் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். முதலில் ஆரோவில்வாசிகளே மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினார்கள். ஆள் போதவில்லை. பிறகு சுற்றுவட்டார ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கான பேர் கூலிக்கு இறங்கித்தான் அந்தப் பள்ளம் ஆழமானது. லாஸ்ட் ஸ்கூல் திறந்த அக்டோபரில், இன்னொரு பக்கம், வடகிழக்குப் பருவமழை அந்தப் பள்ளத்தை எட்டிப்பார்க்கத் தயாராக இருந்தது. மேடு முழுக்க வரப்பு போட்டு மழைத்தண்ணீரை நிறுத்துவதும், குழி வெட்டிக் கன்று வைப்பதும், ஆடு மேயாமல் காப்பதும்தான் அந்த வருடங்களின் உண்மையான பாடத்திட்டம். அதில் பெயிலானவை நிறைய. கன்று காய்ந்தால் காய்ந்ததுதான். அதற்கு மறுமதிப்பீடு கிடையாது.

இனி, வேலிக்கு இந்தப் பக்கம் வருவோம்.

எங்கள் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்னிடம் இருக்கிறது. புத்தகம் என்றால் புத்தகமேதான். அட்டை போட்டு, உள்ளே பெயர், பிறந்த தேதி, பாடவாரியாக மதிப்பெண், தலைமையாசிரியர் கையெழுத்து. இவற்றுக்கு நடுவே அங்க அடையாளங்கள் என்று இரண்டு வரி. இடது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம், வலது கன்னத்தில் ஒரு தழும்பு. அப்பா அதைத் தகரப்பெட்டியில், பட்டா பத்திரத்துக்குக் கீழே வைத்திருந்தார். நிலம் போனாலும் புத்தகம் இருக்கும் என்பார். ரயில்வேயோ, மின்சார வாரியமோ, பாண்டியின் நூற்பாலையோ, எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தை. அன்றைக்குப் பதினோராம் வகுப்பில் எழுதுவது எஸ்.எஸ்.எல்.சி.; பிளஸ் டூ வந்ததே 1978இல்தான்.

மல்லாட்டை பிடுங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம்தான் மேட்டைவிட்டு இறங்கும் வழி. பாரிஸை விட்டு வந்த வீட்டுப் பிள்ளைக்கு அது தேவையில்லை. அவர்கள் வீட்டில் அதற்கு முந்தின தலைமுறையே சான்றிதழ் வாங்கிச் சலித்துவிட்டது. சான்றிதழைத் தூக்கியெறிவதற்கும் முதலில் ஒரு சான்றிதழ் கையில் இருந்திருக்க வேண்டும். பட்டியலின் முதல் வரியில் தமிழ் இருந்தது, உண்மை. தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்குப் பட்டியலில் வரி இல்லை. ஒரு வீட்டில் அப்பா, “அங்க படிச்சா என்னடா குடுப்பாங்க?” என்று கேட்டிருந்தால், “ஒண்ணும் குடுக்கமாட்டாங்கப்பா, அதான் அங்க விசேஷம்” என்று எந்தப் பிள்ளை சொல்லியிருக்கும்?

அன்னையின் எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. நம் பள்ளிகள் மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் படுத்திய பாட்டைப் பார்த்தவனுக்கு லாஸ்ட் ஸ்கூல் ஒரு பெருமூச்சு மாதிரித்தான் இருக்கும். என் வருத்தம், ஒரே மேட்டில் இரண்டு அவசரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, ஒன்றுக்கு மட்டும் கட்டடம் எழுந்தது என்பது. பரீட்சையே வேண்டாம் என்று தொடங்கிய அதே ஆரோவில்லில், பிற்காலத்தில் வெளிநாட்டு வாரியப் பரீட்சைக்கே பிள்ளைகளைத் தயார்செய்யும் பள்ளியும் வந்தது. அது எப்படி நடந்தது என்பது தனிக்கதை. அவசரப்பட வேண்டாம், வருகிறேன்.

இரண்டு வருடம் ஓடியது. மாத்ரிமந்திர்ப் பள்ளத்திலிருந்து நான்கு தூண்கள் மேலே ஏறத் தொடங்கின. பாண்டியிலோ அன்னை படியிறங்குவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. 1973 மே 20க்குப் பிறகு பார்வையாளர்களைச் சந்திப்பதும் நின்றது. ஆகஸ்ட் 15, ஸ்ரீ அரவிந்தர் பிறந்தநாள். மாடி முகப்பில் சில நிமிடம் வந்து நின்றார். கீழே தெரு நிரம்ப ஜனம். அதுதான் கடைசித் தரிசனம் என்று அங்கே நின்றவர்களில் யாருக்கும் தெரியாது.

கூட்டம் கலைந்து குயிலாப்பாளையம் மேட்டுக்குத் திரும்பியவர்களுக்கு வேலை காத்திருந்தது. எந்தச் சந்தேகம் வந்தாலும் பாண்டிக்கு ஒரு சீட்டு எழுதினால் பதில் வந்துவிடும் என்ற வழக்கத்தில் ஐந்து வருடம் ஓட்டியிருந்தார்கள். பள்ளிக்குப் பெயரா, மொழியா, கட்டடமா, எல்லாவற்றுக்கும் சீட்டுதான். இனி சீட்டுக்குப் பதில் யார் எழுதுவது? நிலம் யார் பெயரில் இருக்கிறது? பணம் யார் கையில்? இந்தக் கேள்விகளை அதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அபசகுனம் என்று விட்டிருப்பார்கள்.

1973 நவம்பர் 17, சனிக்கிழமை. கார்த்திகை பிறந்து இரண்டாம் நாள். தூண்கள் நான்கும் உச்சியில் ஒன்றுசேர்வதற்கான கான்கிரீட் அன்று ஓடிக்கொண்டிருந்தது. கான்கிரீட் வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அந்த இடத்தில் மூட்டு விழுந்து, அதுவே பின்னால் பலவீனம். சாரத்தில் வரிசையாக ஆள் நின்று, கீழேயிருந்து கலவைச் சட்டி கைக்குக் கை ஏறுகிறது, காலிச் சட்டி இறங்குகிறது. இந்தக் கை கறுப்பு, அடுத்த கை வெள்ளை. சிமெண்ட் காய்ந்தபின் இரண்டும் ஒரே சாம்பல். நேரம் இருட்டிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் வேலை தொடர்கிறது.

பாண்டியில், மாடி அறையில், மணி 7.25.

சாரத்தின் மேல் கடைசிச் சட்டிகள் கொட்டப்படுகின்றன. யாரோ களைப்பில் சிரிக்கிறார்கள். சட்டிகளைக் காய்வதற்குள் கழுவி அடுக்கியாக வேண்டும். பாண்டி சாலையில் இன்னும் ஒரு வண்டியின் வெளிச்சமும் தெரியவில்லை.

(தொடரும்)