காற்று, சூரிய மின்சாரம்: முதலீட்டு மதிப்பீடு (மரக்காணக் கடற்கரை)

காற்றினின்றும் கதிரவனினின்றும் மின்சாரம் பெறுவதற்கான மூலதனத்தை மெகாவாட்டுக்கு இத்துணை ரூபாய் எனக் கணிப்பது வழக்கமாயினும், அத்தொகை பிரதேசந்தோறும் வேறுபடும். 2016இல் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் திறனுடன் நிறுவப்பெற்ற சூரிய மின் நிலையத்துக்குச் சுமார் 4,550 கோடி ரூபாய், அதாவது மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 7 கோடி, செலவாயிற்று. பின்னர்ச் சூரியத் தகடுகளின் விலை வெகுவாக வீழ்ந்தது. இக்கணக்கை விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்துக்கு அப்படியே பொருத்துதல் பிழை. ஏனெனில், உப்பு விளைவிக்கும் உக்கிரமான வெயில் அங்கே இருப்பினும், உவர்க்காற்று இரும்பை அரிப்பதாலும், இளகிய உப்பள நிலம் ஆழ்ந்த அஸ்திவாரத்தை வேண்டுவதாலும், வங்கக் கடற்புயலைத் தாங்கவல்ல சட்டங்கள் அவசியமாதலாலும் செலவு மிகும். காற்றாலைக்கோ, இக்கரையைவிட, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாயும் முப்பந்தலே உகந்தது. உப்பளத் தொழிலாளரின் ஜீவனமும், 2021இல் அறிவிக்கப்பட்ட, அருகிலுள்ள கழுவேலிப் பறவைகள் சரணாலயத்தின் க்ஷேமமும் இடம்பெறாத மதிப்பீடு எதுவும் இக்கரைக்குப் பூரணமானதாகாது.